நீரிழிவும் மலைநாட்டுப் பிள்ளைகளும்

பதுளை நகரை விட்டு நமுனுகுல மலையை நோக்கி வளைந்து வளைந்து ஏறும் பாதையிலே ஸ்பிரிங்வெளித் தோட்டம் இருக்கிறது. ஆங்கிலத் துரைமார் இட்ட பெயருக்கு ஊற்றுப் பள்ளத்தாக்கு என்பது பொருள். நம்மவர் வாயிலே பள்ளத்தாக்கு வெளியாகிவிட்டது. அதற்காக வருந்தவேண்டியதில்லை, அந்தச் சரிவிலே நின்று கீழே பார்ப்பவனுக்கு இரண்டும் பொருந்தும். அம்மலைகளிலே பீலிகளுக்குக் குறைவில்லை. லயத்துப் பிள்ளைகள் விளையாட்டின் நடுவே ஓடிச் சென்று, இரு கைகளையும் குவித்துப் பீலியில் நீர் பருகுவது பார்ப்போர்க்கு இனிய காட்சி. ஆனால் ஒரு பிள்ளை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பீலிக்கு ஓடுமானால், அதன்பின் எனக்கு அங்கே இருப்புக்கொள்ளாது. நேயர்களே, அதன் காரணத்தைச் சொல்லியே இன்றைய பேச்சைத் தொடங்கவேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஊவா மாகாணத்துத் தோட்டம் ஒன்றிலே, அதன் பெயர் இங்கே வேண்டா, ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். நான் அப்போது மருத்துவத் தொழிலுக்குப் புதியவன். அவளை உயிருடன் நான் கண்டதில்லை. துக்கம் விசாரிக்கச் சென்ற இடத்தில் அவளுடைய தாய் சொல்லக் கேட்டதே நான் அறிந்தது. மூன்று வாரமாகப் பிள்ளை ஓயாமல் தண்ணீர் கேட்டாளாம். வெயிற்காலம், தாகம் எடுக்கிறது என்று வீட்டார் இருந்துவிட்டனர். உடம்பு மெலிந்தது. தோட்டத்துப் பிள்ளை மெலிவது புதுமையா? பூச்சி என்று எண்ணிப் பூச்சி மருந்து கொடுத்தார்கள். பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் கண்டன, மூச்சு வாங்கியது, சளி என்றார்கள். நகரத்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வழியில், கொழுந்து லொறியிலேயே உயிர் பிரிந்தது. தாய் என் முகத்தைப் பாராமல் இன்னொன்றும் சொன்னாள். “ராவுல பாயை நனைச்சுப்புட்டா. ஏழு வயசுப் புள்ள இப்பிடிச் செய்யலாமான்னு அடிச்சுப்புட்டேன், ஐயா. அவ ஒதுங்கின எடத்துல எறும்பா மொய்ச்சுக் கெடந்துச்சு.”

எறும்பு என்றதும் எனக்கு விளங்கியது. அச்சிறுமியின் சிறுநீரில் சர்க்கரை இருந்திருக்கிறது. எறும்பு மொய்க்கும் சிறுநீரைப்பற்றி நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் நன்கறிவார்கள். மதுமேகம் என்று அவர்கள் பெயரிட்டதும் அதனாலேயே. ஆனால் அவளுடைய மரணம் நீரிழிவு என்று எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வாந்திபேதி என்று எழுதப்பட்டது.

நீரிழிவு, சலரோகம், சீனி வருத்தம் என்று பல பெயரால் நாம் அழைக்கும் நோயில் வகைகள் உண்டு. நாற்பது வயதுக்கு மேல் பருத்த உடம்பினரை நாடுவதாக நாம் எண்ணும் வகை ஒன்று. அது இக்காலத்தில் வயதும் பார்ப்பதில்லை, பருமனும் பார்ப்பதில்லை. அதை இன்று விட்டுவிடுவோம். பிள்ளைகளுக்கு வருவது பெரும்பாலும் மற்றொரு வகை. இரைப்பைக்குப் பின்னே சதையி என்றும் கணையம் என்றும் சொல்லப்படும் உறுப்பு ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பீட்டாக் கலங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. நோய்க்கிருமிகளைக் கொல்லவேண்டிய நம் உடம்பின் காவற்படை, ஏதோ ஒரு காரணத்தால் இக்கலங்களையே பகையெனக் கொண்டு அழித்துவிடுகிறது. இன்சுலின் அற்றபின் உண்ட உணவின் சர்க்கரை தசைக்குள் புகமுடியாமல் இரத்தத்திலே தேங்கிச் சிறுநீரோடு வெளியேறும். அதனோடு நீரும் போகும், ஆதலால் தாகம். உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கத் தொடங்கும், ஆதலால் மெலிவு. அந்த எரிவில் உண்டாகும் அமிலம் இரத்தத்தை நஞ்சாக்கும்போது வாந்தியும், வயிற்றுவலியும், ஆழ்ந்து இழுக்கும் மூச்சும் வருகின்றன. தின்ற மிட்டாய்க்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. இது தொற்றுநோயும் அன்று.

இனி ஒரு வியப்பைச் சொல்கிறேன். இந்நோய் எல்லா நாட்டுப் பிள்ளைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. 1990 முதல் 1994 வரை உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவில் ஐம்பது நாடுகளில் கணக்கெடுத்தார்கள். பதினைந்து வயதுக்குட்பட்ட ஓர் இலட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு எத்தனை பேர் புதிதாக இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்பதே கணக்கு. பின்லாந்திலே 36.5, மத்தியதரைக் கடலிலுள்ள சார்டீனியாத் தீவிலே 36.8. சீனத்தின் சில பகுதிகளிலும் வெனிசுவேலாவிலும் 0.1, அதாவது பத்து இலட்சம் பிள்ளைகளில் ஒன்று. வேறுபாடு முந்நூற்றைம்பது மடங்குக்கும் மேல்! ஒரே நோய் இவ்வளவு பாரபட்சம் காட்டுவது பிள்ளைகளின் நாட்பட்ட நோய்களில் அபூர்வம்.

இரத்தமே காரணம் என்று முதலில் எண்ணத் தோன்றும். அதில் உண்மையும் உண்டு. உடம்பின் காவற்படை தன்னவரையும் அயலவரையும் பிரித்தறிய உதவும் பரம்பரை அலகுகள் சில இருக்கின்றன. அவற்றுள் குறித்த சில வகைகளை உடையோர்க்கே இந்நோய் பெரும்பாலும் வருகிறது. அவ்வகைகள் வட ஐரோப்பியரிடையே மிகுதி. சீனர், யப்பானியரிடையே குறைவு. ஆனால் இரத்தம் மட்டுமே காரணமாயின், ஒரே கருவிற் பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் தவறாது வரவேண்டும். அப்படி வருவதில்லை. பின்லாந்திலேயே 1980ஆம் ஆண்டில் இலட்சத்துக்கு 31 ஆக இருந்த கணக்கு 2005இல் 64 ஆயிற்று. கால் நூற்றாண்டிலே ஒரு சமுதாயத்தின் இரத்தம் மாறிவிடாது. மாறியது வாழ்வு.

பின்லாந்துக்கும் ருஷ்யாவுக்கும் இடையே கரேலியா என்றொரு நிலப்பகுதி கிடக்கிறது. எல்லையின் இருபுறத்தாரும் இந்நோய்க்குரிய பரம்பரை அலகுகளிலே பெரிதும் ஒத்தவர்கள். பனியும் குளிரும் இருபுறமும் ஒன்றே. எனினும் பின்லாந்துப் புறத்திலே நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுதி. ருஷ்யப் புறத்துப் பிள்ளைகள் ஏழைகள். பலவகைக் கிருமித் தொற்றுகளுக்குச் சிறுவயதிலேயே ஆளாகி எழுந்தவர்கள். இளமையிலே உண்மைப் பகைவரோடு போரிட்டுப் பழகிய காவற்படை வீட்டிலுள்ளாரை வெட்டாது. பகைவரையே காணாது வளர்ந்த படை நிழலைக்கண்டும் வாளோங்கும் என்று சிலர் இதற்கு விளக்கம் கூறுகின்றனர். குடற்புழுவைப் புகுத்திய எலிகளிடத்து இந்நோய் தடைப்பட்டதையும் ஆய்வுகூடங்களிலே கண்டிருக்கிறார்கள்.

நம் மலைநாட்டுக்கு இது சுவையான செய்தி. 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினார்கள். அந்நாளில் புழு இல்லாத தோட்டத்து வயிற்றைத் தேடிப்பிடிக்கவேண்டியிருந்தது. அப்படியாயின் புழுவே நம் பிள்ளைகளை நீரிழிவிலிருந்து காத்ததோ என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். ஒருவேளை சிறிது காத்திருக்கலாம். அதே புழு இரத்தத்தைக் குடித்துப் பிரசவத் தாய்மாரைக் கொன்றதையும் நினைத்துக்கொள்ளவேண்டும். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவரும் பூச்சி மருந்தை எறிந்துவிட வேண்டா.

தாய்நாட்டை விட்டுச் சென்றோர் கதை இன்னும் தெளிவானது. இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரிலே தெற்காசியாவிலிருந்து, பெரும்பாலும் பாக்கிஸ்தானிலிருந்து, குடியேறியோரின் பிள்ளைகளைக் கணக்கெடுத்தனர். 1978 முதல் 1981 வரை இலட்சத்துக்கு 3.1 பேருக்கே இந்நோய் கண்டது. 1988 முதல் 1990 வரை அது 11.7 ஆக ஏறியது. அந்நகரத்து ஏனைய பிள்ளைகளின் கணக்கு 10.5 என்ற அளவிலே அசையாது நின்றது. இரத்தம் எதுவாயினும், பத்தே ஆண்டிலே வந்தேறிகளின் பிள்ளைகள் ஊராரின் பிள்ளைகளை எட்டிப் பிடித்துவிட்டனர்.

நம் மக்களோ மூன்று கிளையாகப் பிரிந்தவர்கள். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்ற ஊர்களிலிருந்து கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரு பகுதியினர் ஸ்பிரிங்வெளி போன்ற இடங்களிலே நிற்கின்றனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின் கப்பலேறிய ஒரு பகுதியினர் நீலகிரியிலே அதே தேயிலையைப் பறித்தனர். கடல் கடந்து வெள்ளையர் நாடுகளில் வாழ்வோர் இன்னொரு பகுதியினர். பூர்வீக ஊர்களில் தங்கிய சுற்றத்தாரைச் சேர்த்தால் நான்கு கிளை என்றும் சொல்லலாம். ஒரே குடும்பத்து இரத்தம் நான்கு மண்ணிலே ஓடுகிறது. ஆகவே “இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வியாதி, நம் பிள்ளைகளுக்கு வராது” என்ற பேச்சுக்கு இடமில்லை. சென்னை நகரிலே 1990களில் நடந்த கணக்கெடுப்பிலே இலட்சத்துக்கு 10.5 என்று கண்டார்கள். அது அக்காலத்து பிராட்போர்ட் ஊராரின் கணக்கேயன்றோ! பக்கத்திலுள்ள கர்நாடகப் பதிவேட்டிலோ ஆண் பிள்ளைகளில் 3.7, பெண் பிள்ளைகளில் 4.0 என்றுதான் இருந்தது.

சென்னைக்கும் கர்நாடகத்துக்கும் நடுவே கடலுமில்லை, இனவேறுபாடும் பெரிதில்லை. பின் ஏன் இந்த வேறுபாடு? நகர வாழ்க்கை ஒரு காரணமாகலாம். மற்றொரு காரணத்தையும் ஒதுக்கமுடியாது. பெருநகரிலே நோய்வாய்ப்பட்ட பிள்ளை வைத்தியசாலைக்கு வந்துவிடுகிறது. சிற்றூரில் வருமுன்னே போய்விடுகிறது. பதிவேடு என்பது வைத்தியசாலை வாயிலைத் தாண்டி வந்தவர்களின் கணக்கு. கொழுந்து லொறியிலே போன பிள்ளை அந்தக் கணக்கிலே இல்லை. அவளை விட்டுவிட்டுக் கூட்டினால் தொகை குறைவாகத்தான் வரும். குறைந்த தொகையைப் பார்த்த வைத்தியர், “இங்கே இந்நோய் அரிது” என்று கற்றுக்கொள்கிறார். அரிது என்று கற்றவர் அடுத்த பிள்ளையின் தாகத்தைக் கண்டும் அதை நினைப்பதில்லை. அந்தப் பிள்ளையும் கணக்கிலிருந்து நழுவுகிறது.

2021ஆம் ஆண்டில் மட்டும் உலகமெங்கும் ஏறத்தாழ 35,000 பேர், தமக்கு வந்த நோய் இதுவென்று எவரும் அறியாமலே, குறி கண்ட ஓராண்டுக்குள் இறந்தனர் என்று 2022இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. பத்து வயதிலே இந்நோய் கண்டறியப்பட்ட பிள்ளை செல்வ நாட்டிலே இன்னும் 65 ஆண்டு வாழ எதிர்பார்க்கலாம் என்றும், மிக வறிய நாட்டிலே 13 ஆண்டே என்றும் அதே ஆய்வு கூறியது. 13 என்ற அந்த எண்ணை வாசித்தபோது எனக்கு வேறொரு பிள்ளையின் நினைவு வந்தது. 1922 சனவரியிலே கனடாவின் டொரொன்டோ நகரில் லெனர்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனே முதன்முதலாக இன்சுலின் ஊசி பெற்றவன். அப்போதுதான் கண்டுபிடித்த, சரியாகச் சுத்தம்கூடச் செய்யப்படாத மருந்து அது. அதைக்கொண்டு அவன் 1935 வரை, பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான். நூறு ஆண்டு கழிந்த பின்னரும் வறிய நாட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது அந்த முதற்சிறுவனுக்குக் கிடைத்த காலமே.

இலங்கை அவ்வளவு வறிய நிலையில் இல்லை. அரசாங்க வைத்தியசாலைகளிலே இன்சுலின் இலவசமாகத் தரப்படுகிறது. 2022இன் பொருளாதார நெருக்கடியிலே மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்ததை மறக்கவில்லை. எனினும் இலவச வைத்தியம் என்ற ஏற்பாடு குலையவில்லை. ஆகவே இங்கே தடையாக நிற்பது பெரும்பாலும் மருந்தின் விலையன்று. நோயை நினைக்காமலிருப்பதும், மலைப்பாதையின் தூரமுமே தடைகள்.

நினைக்காமலிருப்பதற்குத் தோட்டங்களில் தனிக் காரணம் ஒன்றுண்டு. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் பிள்ளைகள் உள்ள ஒரு தோட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். இலட்சத்துக்கு நான்கு என்ற கர்நாடகக் கணக்குப்படி அங்கே இரண்டரை ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்கு இந்நோய் வரும். சென்னைக் கணக்குப்படி ஆண்டுக்கு ஒன்று. ஒரு தோட்டத்து வைத்திய உதவியாளரின் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகள் இதைவிட மிகக் குறைவு. ஆகவே அவர் தம் சேவைக்காலம் முழுவதிலும் ஒன்றோ இரண்டோதான் காண்பார். நாள்தோறும் நூறு காய்ச்சலும் இருமலும் பார்க்கும் மனிதர், இருபது ஆண்டுக்கொருமுறை வருவதை எதிர்பார்த்துக் காத்திருப்பது எளிதன்று. அவரைக் குறைகூற என் நா எழவில்லை.

மற்றொரு காரணம் மெலிவு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப் பகுதியிலே நூற்றுக்கு 32 பேர். பின்லாந்துப் பிள்ளை நான்கு கிலோ இளைத்தால் வீடே கலங்கும். தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் உண்டு, சாயத் தண்ணீர் குடித்து வளரும் நம் பிள்ளை இளைத்தால், ஏற்கெனவே இளைத்ததுதானே என்று கண் பழகிவிடுகிறது. இம்மெலிவோடு பின்னிக்கிடக்கும் வேறொரு நீரிழிவும் உண்டு. ஊட்டமின்றி வளர்ந்த இளைஞரிடத்து வரும் ஒருவகையை 1955இலேயே ஜமெய்க்காத் தீவில் ஒரு வைத்தியர் எடுத்துக்காட்டினார். உலகம் அதை ஒருமுறை ஏற்றது; 1999இல் பட்டியலிலிருந்து நீக்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து ஆராய்ந்து, அது தனிவகை என்பதற்கான சான்றுகளை 2022இல் வெளியிட்டனர். 2025இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் அதனை ஐந்தாம் வகை என்று ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டு ஏழை நோயாளிகளைக் கூர்ந்து பார்த்ததன் பயன் இது. வெள்ளையர் நாட்டுப் பாடநூலின் அளவுகோலைக்கொண்டே நம் பிள்ளைகளை அளந்துகொண்டிருந்தால் இது புலப்பட்டிருக்குமா என்பது ஐயம்.

இத்தாலியிலே பார்மா என்றொரு நகரம். அங்கே நோய் கண்டறியப்படும்போதே பிள்ளைகளில் நூற்றுக்கு 78 பேர் அமிலம் மிகுந்து ஆபத்தான நிலையை அடைந்திருந்தனர். 1991 முதல் பள்ளிக்கூடங்களிலும் வைத்தியர் அறைகளிலும் ஒரு சுவரொட்டியை ஒட்டினார்கள். பழக்கம் மாறி மீண்டும் இரவில் படுக்கையை நனைக்கும் பிள்ளையைக் கவனியுங்கள் என்பதே அதிலே முதன்மையாகச் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் அந்த 78 என்பது 12.5 ஆகக் குறைந்தது. செலவு காகிதமும் மையும்தான். கெட்டிக்கார இத்தாலியர் சுவரொட்டியில் பொறித்தது, எங்கள் லயத்துத் தாய் தன் மகளை அடித்ததற்குக் காரணமான அதே குறியை.

அச்சிறுமி இறந்து நெடுங்காலம் சென்றபின், ஸ்பிரிங்வெளிப் பக்கத்திலிருந்து ஒரு பையனைப் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருவர் அனுப்பிய பிள்ளை. பாடத்தின் நடுவே பலமுறை வெளியே போக அனுமதி கேட்டானாம். தண்ணீர்ப் போத்தலை அடுத்த பிள்ளையிடமிருந்து பறித்தானாம். தண்டிக்கப்போன ஆசிரியை ஒரு கணம் நின்று, அவன் தாயை அழைத்து, “இவன் ராத்திரியில் பாயை நனைக்கிறானா, அம்மா?” என்று கேட்டிருக்கிறார். தாய் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தாள். விரல் நுனியிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தம், சில விநாடி நேரம். இருநூறைத் தாண்டினாலே நோய் என்று கொள்ளவேண்டிய அளவு, நானூற்றைத் தாண்டிக் காட்டியது. வாந்தி அப்போது தொடங்கவில்லை. மூச்சு சரியாக இருந்தது.

பிறகுதான் வேறு வகையான கேள்விகள் வந்தன. லயத்தில் குளிர்ப்பெட்டி இல்லையே, ஊசி மருந்தை எங்கே வைப்பது என்று தகப்பன் கேட்டான். வாயகன்ற மண்பானையில் ஈரமணல் இட்டு, அதனுள்ளே சிறு பாத்திரம் வைத்து, ஈரத்துணியால் மூடினால் மருந்து கெடாது என்று சொன்னேன். நமுனுகுலக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பாட்டி கேட்டது வேறு. “இது பொட்டப் புள்ளையா இருந்தா யாரு கட்டிக்குவாங்க?” பையனுக்கு வந்ததை எண்ணி அவள் ஆறுதலடைந்தாள் போலும். அந்தக் கேள்விக்கு அன்று நான் விடை சொல்லவில்லை. ஆனால் அதன்பின் ஒவ்வொரு முறையும், தோட்டத்திலிருந்து வரும் பதிவுகளில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று.

பையன் மாதந்தோறும் கிளினிக்குக்கு வந்தான். முதல் ஆண்டு தகப்பனோடு வந்தான். பிறகு பஸ்ஸிலே தனியாக, ஊசிகளையும் கொப்பியையும் பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டுக்கொண்டு வந்தான். கொப்பியிலே நாள்தோறும் சர்க்கரையின் அளவைக் குறித்திருப்பான். சில நாள்கள் வெறுமையாக இருக்கும். அவை தாய் கொழுந்து மலைக்கு விடியுமுன் போன நாள்கள்.